எங்கட கதை யாருடைய கையில் இருக்கு?



இரண்டு மாதத்துக்கு முன் அம்மா வீடு மாறினா. ஸ்காபரோவில் நாங்கள் பதினெட்டு வருசம் இருந்த அப்பார்ட்மென்ட். ஸ்ரோர் றூமைக் காலி செய்யேக்க, பழைய கம்பளிகளுக்குக் கீழே என்னுடைய முதல் லப்டொப் கிடந்தது. 2008இல், யாரோ பாவிச்சு விற்றதை, பகுதிநேர வேலைக் காசில் வாங்கினது. விண்டோஸ் அதில் ஊர்ந்துதான் ஓடும். அதனால் ஒரு நண்பன் உபுண்டு போட்டுத் தந்தான். பற்றரி செத்துப்போச்சு. ஆனால் வயரைக் குத்தின உடனே எழும்பிச்சுது. பாஸ்வேர்ட் எனக்கு ஞாபகம் இல்லை. விரலுக்கு ஞாபகம் இருந்தது.

அதில் மறைந்திருக்கிற ஒரு போல்டர் இருக்கு. புள்ளி வைத்துத் தொடங்கும், பெயர் 'பர்ப்பிள்'. அதுக்குள்ளே எம்.எஸ்.என்., யாகூ, ஜபர் என்று தனித்தனிப் போல்டர்கள். அதுக்குள்ளே ஆளாளுக்கு ஒன்று. ஒவ்வொரு உரையாடலும் ஒரு கோப்பு. திகதியும் நேரமும்தான் கோப்பின் பெயர். 2009-05-10 என்று தொடங்குகிற கோப்புகள் மூன்று இருந்தன.

அந்தத் திகதியை உங்களில் கனபேர் படித்துத்தான் அறிந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். ரொறன்ரோவில் எங்கட ஆட்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி வாகனங்களை மறித்த நாள். அண்ணா அங்க போயிருந்தார். நான் அம்மம்மாவோட வீட்டில் நின்றேன். அண்ணா போனில் சொல்லச் சொல்ல, நான் மூன்று இடத்துக்கு ரைப் பண்ணினேன். லண்டனில் மச்சாள், எம்.எஸ்.என்.னில், பாராளுமன்றச் சதுக்கத்திலிருந்து அப்பதான் வீட்டுக்கு வந்திருந்தா. சென்னையில் ஒரு தோழி, கூகுள் டோக்கில். அங்க விடியப்போகிற நேரம், அவள் படுக்கவேயில்லை. பாரிஸில் சித்தப்பா, யாகூவில். அவருக்கு அதை விட்டால் வேறொன்றும் தெரியாது.

சித்தப்பாவின் கோப்பில் கடைசி இரண்டு வரி, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: "வன்னியால ஏதும் செய்தி வந்ததே பிள்ளை?" "இல்லை சித்தப்பா."

2016இல் சித்தப்பா செத்துப்போனார். அவர் எனக்கு எழுதினதில் மிஞ்சினது இந்தப் போல்டரில் இருக்கிறது மட்டும்தான்.

இப்ப யோசித்துப் பாருங்கோ. எம்.எஸ்.என். மெசெஞ்சரை 2013இல் மூடத் தொடங்கினார்கள். யாகூ மெசெஞ்சர் 2018 ஜூலையில் போனது. கூகுள் டோக்கின் கடைசிக் கதவும் 2022 ஜூனில் சாத்தப்பட்டது. நாங்கள் பேசின மூன்று வீதியும் இன்றைக்கு இல்லை. பேசினது மட்டும் இருக்கு. காரணம், நான் பாவித்த மென்பொருள் அதை என்னுடைய டிஸ்க்கில், எந்த பிரவுசரிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக எழுதி வைத்தது. அந்த மென்பொருளின் பெயர் பிட்ஜின். இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய ஞாபகத்துக்காக இல்லை. எங்கட இயக்க வேலை முழுக்க இப்ப இரண்டு மூன்று கொம்பனிகளின் ஆப்களுக்குள் நடக்கிறதால்.

ஒரே ஜன்னல்

1998இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் லினக்ஸுக்கு ஓர் அரட்டை மென்பொருள் எழுதத் தொடங்கினார். அப்ப அங்க பெரிய சேவை ஏ.ஓ.எல். கொம்பனியின் ஏ.ஐ.எம். அதோட பேசுகிற கிளையன்ட்தான் அவர் எழுதினது. பெயர் கெய்ம். கட்டற்ற மென்பொருளாக, ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார்: யாரும் ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம்.

பிறகு வேறு ஆட்கள் சேர்ந்தார்கள். ஐ.சி.க்யூ., எம்.எஸ்.என்., யாகூ, ஐ.ஆர்.சி., போலந்துக்காரரின் காடு-காடு என்று ஒவ்வொன்றாக இணைத்தார்கள். கொம்பனிகள் பெரும்பாலும் தங்கட நெறிமுறைகளை வெளியிடுவதில்லை. கம்பியில் என்ன போகுது, என்ன திரும்பி வருது என்று பார்த்துப் பார்த்துத்தான் இவர்கள் கண்டுபிடித்தார்கள். கொம்பனி மாற்றினால் திரும்பவும் முதலிலிருந்து. அதில் பெரும்பகுதி சம்பளம் இல்லாத வேலை.

தன்னுடைய ஏ.ஐ.எம். என்ற வணிகப் பெயர் 'கெய்ம்' என்ற பெயருக்குள் இருக்கு என்று ஏ.ஓ.எல். நெருக்கிக்கொண்டே இருந்தது. 2007இல் உடன்பாட்டுக்கு வந்து பெயரை மாற்றினார்கள். அப்பதான் 'பிட்ஜின்' வந்தது. மொழியியல் படித்தவர்களுக்குத் தெரியும்: பொது மொழி இல்லாத ஆட்கள் துறைமுகத்திலும் தோட்டத்திலும் ஒன்றாக நிற்க வேண்டி வந்தபோது பிறந்த கலப்பு மொழிக்கு அந்தப் பெயர். ஆங்கிலத்தில் புறாவுக்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. சின்னம் ஒரு ஊதாப் புறா. உள்ளே வேலை செய்கிற நூலகத்துக்கு லிப்பர்ப்பிள் என்று பெயர் வைத்தார்கள். என் லப்டொப்பில் இருந்த போல்டரின் பெயர் அங்கிருந்து வந்தது. மாக் கணினிக்காரர் பாவித்த ஏடியமும் அதே நூலகத்தில்தான் ஓடியது.

பிட்ஜினின் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் தமிழும் இருக்கு, சிங்களமும் இருக்கு. ஒரு கொம்பனிக்கும் லாபம் தராத வேலை அது. யாரோ உட்கார்ந்து வரி வரியாகச் செய்தார்கள்.

எனக்கு அந்தக் காலத்தில் இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சித்தப்பாவை எம்.எஸ்.என்.னுக்கு மாறுங்கோ என்று நான் கெஞ்சத் தேவையில்லை. அவர் தன்ர யாகூவிலேயே இருக்கலாம். மச்சாள் தன்ர இடத்தில் இருக்கலாம். நான் எல்லாரோடையும் ஒரே ஜன்னலில் கதைக்கலாம். உலகம் முழுக்கச் சிதறிப்போன ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விசயம் இல்லை.

பாலத்தை யார் உடைத்தது?

இந்தக் கொம்பனிகளுக்குச் சேர்ந்து பேசத் தெரியாமல் இல்லை. 1999இல் மைக்ரோசொப்ட் தன்னுடைய எம்.எஸ்.என். மெசெஞ்சரை ஏ.ஐ.எம்.மோடு பேச வைத்தது, ஏ.ஓ.எல். அதை மறித்தது; இவர்கள் சுற்றி வந்தார்கள்; அவர்கள் திரும்பவும் மறித்தார்கள். ஆள் கூட இருக்கிறவனுக்குச் சுவர் வேணும், ஆள் குறைந்தவனுக்குத் திறந்த கதவு வேணும். முதலாளிகளுக்கு இடையில் திறந்த கதவு என்பது கொள்கை இல்லை, சந்தையில் நிற்கிற இடம்.

கூகுளைப் பாருங்கோ. 2005இல் கூகுள் டோக் வந்தபோது அது சின்னப் பிள்ளை. அதனால் எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையைப் பாவித்தது. இதன் பழைய பெயர் ஜபர். 1998இல் ஜெரமி மில்லர் தொடங்கினது, 2004இல் இணையத் தர நிர்ணயமாக வெளிவந்தது. மின்னஞ்சல் மாதிரி வேலை செய்யும்: உங்கட கணக்கு ஒரு சேர்வரில், என்னுடையது இன்னொன்றில், ஆனால் இரண்டு பேரும் கதைக்கலாம். இதைத்தான் கூட்டிணைப்பு என்கிறோம். 2006 தொடக்கத்தில் கூகுள் மற்றச் சேர்வர்களோடு கதவைத் திறந்தது. எங்களைப்போல ஆட்கள் கை தட்டினார்கள். சொந்தச் சேர்வரை விட்டுவிட்டு ஜிமெயில் கணக்குக்கு மாறினவர்களும் உண்டு, எப்படியும் பேசலாம்தானே. 2013இல் கூகுள் ஹாங்அவுட்ஸ் என்று புதிதாகக் கொண்டுவந்து கூட்டிணைப்பைக் கைவிட்டது. ஆட்கள் எல்லாம் உள்ளே, கதவு வெளியே பூட்டு.

பேஸ்புக்கும் 2010இல் பிட்ஜின் மாதிரிக் கிளையன்ட்கள் நுழைய வழி விட்டது. 2015இல் மூடியது. ஏ.ஐ.எம். 2017 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஐ.சி.க்யூ. 2024 ஜூனில். பிட்ஜினைத் திறந்தால் இருந்த அந்த நீளப் பட்டியல் வருசத்துக்கு ஒன்றாகக் கழன்றுபோனது. மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. மறுபக்கம் ஆள் இல்லை.

இதில்தான் எங்களுக்கான முதல் பாடம் இருக்கு. கிளையன்ட் எங்கட கையில் இருந்தது. அதைப் படிக்கலாம், திருத்தலாம், மொழிபெயர்க்கலாம். ஆனால் அது ஓடின வீதி வேறு ஆளின் நிலம். சொந்தக் கலப்பையோடு பண்ணையாரின் வயலில் உழுத மாதிரி. அவர் எப்ப வேலி போடுகிறாரோ அன்றைக்குக் கலப்பை வீட்டுக் கோடியில்.

பொது நிலத்தில் விளைந்தது

இன்னொரு பக்கமும் இருக்கு. இன்றைக்கு நாங்கள் எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப், 2009இல் தொடங்கினபோது, எஜபர்டி என்ற கட்டற்ற எக்ஸ்எம்பிபி சேர்வரை எடுத்துத்தான் தன் வேலையைத் தொடங்கியது. பிறகு தேவைக்கு ஏற்ப மாற்றி எழுதினார்கள். எஜபர்டியின் உரிமமும் ஜி.பி.எல்.தான்; ஆனால் அந்த உரிமம், மென்பொருளை மற்றவருக்குக் கொடுத்தால்தான் மாற்றியதையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லும். தன்னுடைய சேர்வரில் வைத்து ஓட்டினால் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. 2014இல் பேஸ்புக் அந்தக் கொம்பனியை 19 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆனால் வட்ஸ்அப்பிலிருந்து ஒரு சாதாரண எக்ஸ்எம்பிபி கணக்குக்கு ஒரு வணக்கம்கூட அனுப்ப முடியாது.

மறைகுறியாக்கமும் அப்படித்தான். 2004இல் நிகிடா போரிசோவ், இயன் கோல்ட்பேர்க், எரிக் புரூவர் மூவரும் ஓ.டி.ஆர். என்ற முறையை வெளியிட்டார்கள். அதைக் கெய்முக்கான ஒரு பிளகினாகவும் எழுதினார்கள். ஒரு அறைக்குள் இரண்டு பேர் கதைக்கிறது போல: வெளியில் இருக்கிறவருக்குக் கேட்காது, நீங்கள் கதைக்கிறது யாரோடு என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் இன்னாள்தான் இதைச் சொன்னார் என்று பிறகு மூன்றாம் ஆளுக்கு நிரூபிக்க முடியாது. நாளைக்கு ஒரு சாவி பிடிபட்டாலும் நேற்றுக் கதைத்ததைத் திறக்க முடியாது. யாகூவின் கம்பியில் போனாலும் யாகூவுக்கு விளங்காது. 2014 டிசம்பரில் ஜேர்மனியின் டேர் ஸ்பீகல் வெளியிட்ட ஸ்னோடன் ஆவணங்களில், ஓ.டி.ஆர். போட்ட உரையாடல்களை அமெரிக்க உளவு நிறுவனத்தால் திறக்க முடியவில்லை என்பது தெரிந்தது.

அந்த ஓ.டி.ஆரின் யோசனைகளிலிருந்துதான் சிக்னல் நெறிமுறை வளர்ந்தது. சிக்னல் நெறிமுறையைத்தான் வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாருக்கும் போட்டு முடித்தது. "வட்ஸ்அப் பாதுகாப்பு" என்று நாங்கள் சொல்லும்போது, அந்தப் பாதுகாப்பு பொது நிலத்தில் விளைந்தது என்பதை மறக்கக்கூடாது. அதோடு அந்தப் பாதுகாப்பு உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். யார் எந்தக் குழுவில், யார் யாருக்கு எப்ப அனுப்பினார் என்பது கொம்பனிக்குத் தெரியக்கூடிய விசயம். ஒரு இயக்கத்தைப் பற்றி அறிய நினைக்கிறவனுக்கு அதுவே போதும்.

போன வருசம் எங்கட வாடகைக்காரர் குழுவுக்கு நடந்ததைச் சொல்லவேணும். எந்த ஆப் என்று எழுதவில்லை; எதிலும் நடக்கலாம். குழுவை நடத்தின அக்காவின் கணக்கு ஒரு காலையில் முடக்கப்பட்டது. காரணம் சொல்லவில்லை. முறையிட்டால் ஒரு இயந்திரம் பதில் அனுப்பும், அதே பதிலைத் திரும்பத் திரும்ப. இரண்டு வருசத்துக் கூட்டக் குறிப்புகள், பூஞ்சணம் பிடித்த சுவர்களின் படங்கள், எந்த வீட்டுக்கு எப்ப நோட்டீஸ் வந்தது என்ற பட்டியல், எல்லாம் அக்காவின் கணக்கோடு போனது. விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. மற்றவர்களின் போன்களில் இருந்து ஸ்கிரீன்ஷொட் பொறுக்கி, இரண்டு இரவு முழித்திருந்து ஒட்டினோம். அரைவாசிதான் கிடைத்தது.

2009இன் உரையாடல் என் கையில் இருக்கு. 2024இன் உரையாடல் இல்லை. தொழில்நுட்பம் முன்னேறியிருக்கு, எங்கட கை பின்னுக்குப் போயிருக்கு.

எங்கட பிழையும் இருக்கு

எல்லாப் பழியையும் கொம்பனிகளின் தலையில் போட்டால் பொய் சொன்னதாகும். நானும் பிட்ஜினை விட்டுத்தான் போனேன். 2012 அளவில் எல்லாருடைய கையிலும் ஸ்மார்ட்போன். பிட்ஜின் மேசைக் கணினிக்கான மென்பொருள். ஓ.டி.ஆர். இரண்டு பேருக்குத்தான், அதுவும் இருவரும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், குழுவுக்கு வராது. அம்மம்மாவுக்கு வீடியோவில் பேரப்பிள்ளையைக் காட்ட வேணும். அதை எந்தக் கொள்கை விளக்கத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

கட்டற்ற மென்பொருள் உலகத்தின் குணமும் சில நேரம் உதவவில்லை. 2008இல் பிட்ஜினில் ரைப் பண்ணுகிற பெட்டியின் உயரத்தைப் பயனர் மாற்ற முடியாதபடி செய்தார்கள். கனபேர் கேட்டும் எழுதியவர்கள் இறங்கிவரவில்லை. கடைசியில் அதற்காகவே ஒரு கூட்டம் பிரிந்துபோய் ஃபன்பிட்ஜின் என்று தனி மென்பொருள் வெளியிட்டது. சிரிக்காதீங்கோ. எங்கட கூட்டங்களில் அறிக்கையின் தலைப்புக்காகப் பிரிந்தவர்கள் இல்லையா? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு: மூல நிரல் கையில் இருந்தபடியால் அவர்களால் பிரிய முடிந்தது. வட்ஸ்அப்பில் ஒரு பொத்தான் பிடிக்கவில்லை என்றால் எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரிய விசயம் 2024இல் நடந்தது. வெளி ஆட்கள் எழுதின பிளகின்களுக்குப் பிட்ஜின் தளத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அந்த ஜூலையில் அதில் புதிதாக ஒன்று சேர்ந்தது, ஓ.டி.ஆர். வழியாகத் திரையைப் பகிரலாம் என்று சொன்னது. உள்ளே இருந்தது விசைப்பலகையில் அடிப்பதைத் திருடுகிற நிரல். ஓகஸ்ட் நடுவில் முறைப்பாடு வந்த பிறகுதான் எடுத்தார்கள். அந்தப் பிளகினுக்கு மூல நிரல் வெளியிடப்படவேயில்லை; ஓடக்கூடிய கோப்பு மட்டும்தான் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட திறந்த உரிமம் இருந்தால்தான் பட்டியலில் இடம் என்று விதி போட்டார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லே யாரையும் காப்பாற்றாது. படிக்கலாம் என்ற உரிமை இருந்தால் போதாது, யாராவது உண்மையிலேயே படிக்க வேணும். ஆயிரக்கணக்கான ஆட்கள் பாவிக்கிற கருவியை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், வேலை முடிந்து வந்து இரவில் பராமரிக்கிறார்கள். பிட்ஜினின் மூன்றாம் பதிப்பு பத்து வருசத்துக்கு மேலாகத் தயாரிப்பில் இருப்பதுக்கும் அதுதான் காரணம். நாங்கள் உழைப்பைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம். இந்த உழைப்பைக் கண்டோமா?

ஞாபகமும் ஆபத்தும்

இதுவரை வாசித்த ஒரு தோழர் கட்டாயம் கேட்பார்: "அந்தப் போல்டர் உங்களுக்குப் பொக்கிசம். அதே லப்டொப்போட நீங்கள் 2010இல் கட்டுநாயக்காவில் இறங்கியிருந்தால்?"

நியாயமான கேள்வி. அந்தக் கோப்புகளுக்குப் பூட்டு இல்லை. பெயர் இருக்கு, நேரம் இருக்கு, யார் எங்க நின்றார் என்று இருக்கு. இன்னொன்றும் சொல்லவேணும்: பிட்ஜின் 2இல் சேமித்த கணக்குகளின் பாஸ்வேர்ட்கூட வெறும் எழுத்தாகவே அதே போல்டரில் கிடக்கும். ஏன் என்று கேட்டவர்களுக்கு எழுதியவர்கள் நேராகப் பதில் சொன்னார்கள்: திறப்பையும் பூட்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு மறைத்துவிட்டேன் என்று சொல்வது பொய்ப் பாதுகாப்பு, பயம் என்றால் பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள், டிஸ்க்கைப் பூட்டுங்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கும். ஆபத்தை மறைக்காமல் காட்டி, முடிவை என்னிடம் விடுகிறது.

பிட்ஜினில் பதிவு வைப்பதா வேண்டாமா என்பது ஒரு தெரிவு. ஓ.டி.ஆர். பிளகினிலும் அந்த உரையாடல்களைப் பதிய வேண்டாம் என்று சொல்ல ஒரு பெட்டி இருக்கும். சித்தப்பாவோடு கதைத்ததை வைத்திருக்கலாம். ஊரில் இருக்கிற ஒருவரோடு கதைத்ததை வைக்காமல் விடலாம். எதை நினைவில் வைக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்பது எங்களுக்கு வெறும் செட்டிங்ஸ் பிரச்சினை இல்லை. 2009இல் எங்கட ஆட்கள் என்ன செய்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதுக்கு எங்களிடம் இருக்கிற ஆவணங்கள் எவ்வளவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும். அதே நேரம், ஒரு பெயர் பிழையான கையில் போனால் என்ன நடக்கும் என்பதும் எங்கட வீடுகளுக்குத் தெரியும். இந்த இரண்டையும் தெரிந்தவர்கள் முடிவெடுக்க வேணும். ஒரு கொம்பனியின் தரவுக் கொள்கை எடுக்கக்கூடாது.

சரி, அப்ப என்ன செய்யிறது?

எல்லாரும் நாளைக்கே பிட்ஜினுக்கு வாங்கோ என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குத் தொடங்குகிற ஒரு குழுவுக்கு அதுவே நல்ல தெரிவு என்றும் நினைக்கவில்லை. அம்மாமாரையும் மாமாமாரையும் வட்ஸ்அப்பில் இருந்து இழுக்கவும் வேண்டாம். ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க, ஆட்கள் இருக்கிற இடத்துக்குத்தான் போகவேணும். நான் கேட்கிறது எங்கட ஒருங்கிணைப்பு வேலையைப் பற்றி மட்டும்: முடிவெடுக்கிற குழு, கூட்டக் குறிப்பு, ஆவணம். ஒரு கருவியைத் தெரியேக்க மூன்று கேள்வி கேட்போம். இதை மூடக்கூடியவர் யார்? நாங்கள் பேசினது எங்க கிடக்கும்? பழுதானால் யார் திருத்தலாம்?

இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் தருகிற வழி இப்பவும் இருக்கு. எக்ஸ்எம்பிபி சாகவில்லை. மேசைக் கணினிக்கு கஜிம், டினோ, அண்ட்ரொய்ட் போனுக்குக் கொன்வர்சேஷன்ஸ், ஐபோனுக்கு மோனல். எல்லாம் கட்டற்ற மென்பொருள். ஓமெமோ என்ற மறைகுறியாக்கம் இருப்பதால் ஓ.டி.ஆர். செய்யாததும் நடக்கும்: குழுவாகவும் கதைக்கலாம், போன் அணைந்திருந்தாலும் செய்தி காத்திருந்து வரும். புரொசடி மாதிரிச் சேர்வர் மென்பொருளை, மாதம் சில டொலருக்கு வாடகைக்கு எடுக்கிற ஒரு சின்னக் கணினியில் ஓட்டலாம். எங்கட மாதிரிக் குழுவுக்கு அது தாராளம். ரொறன்ரோவில் ஒரு சேர்வர், பேர்லினில் ஒன்று, பாரிஸில் ஒன்று என்று வைத்தால், ஒன்று விழுந்தாலும் மற்றது பேசும். சிக்னலும் கட்டற்ற மென்பொருள்தான்; அவசரத்துக்கு நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதுவும் ஒரே நிறுவனத்தின் சேர்வர், கணக்குத் திறக்கப் போன் நம்பர் வேணும். முதல் கேள்விக்கு அதன் பதில் வட்ஸ்அப்பின் பதிலைவிட அதிகம் வேறில்லை.

ஐரோப்பாவில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு சொல். உங்கட டிஜிற்றல் சந்தைகள் சட்டப்படி, 2024 மார்ச்சிலிருந்து வட்ஸ்அப் மாதிரிப் பெரிய சேவைகள், கேட்கிற மற்றச் சேவைகளோடு இணைய வழி விடவேணும். பாலம் கட்டச் சொல்லி ஒரு சட்டமே வந்தது நல்லது. ஆனால் பாலத்தின் விதிகளைக் கொம்பனியே எழுதி, ஒப்பந்தம் போட்டால்தான் ஏறலாம் என்கிறது. சின்னச் சமூகச் சேர்வர்களும் ஏறக்கூடிய பாலமாக அதை ஆக்குவது அரசியல் வேலை. வாடகைச் சட்டத்துக்குப் போராடுகிற நாங்கள் இதுக்கும் போராடலாம்.

எங்கட கூட்டுக்கு நான் வைக்கிற முன்மொழிவு நான்கு. ஒன்று, ஒருங்கிணைப்புக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு சொந்த எக்ஸ்எம்பிபி சேர்வரில் வேலை செய்து பார்ப்போம். கஷ்டமாக இருந்தால் ஏன் என்று எழுதி வைப்போம். சேர்வரைப் பார்க்க ஒரு ஆளை நம்பாமல் மூன்று பேர் பழகுவோம். இல்லாவிட்டால் அந்த ஒருவரே புது முதலாளி. இரண்டு, நாங்கள் பாவிக்கிற மென்பொருள்களின் பராமரிப்பாளர்களுக்கு எங்கட நிதியிலிருந்து மாதாமாதம் ஒரு சின்னத் தொகை. மூன்று, ஒரு சனிக்கிழமை எல்லாரும் இருந்து இந்த மென்பொருள்களைத் தமிழாக்குவோம். நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை, தமிழ் தெரிந்தால் போதும். அம்மாமாரும் பயமில்லாமல் பொத்தானை அமத்துகிற தமிழாக இருக்கட்டும்.

நான்காவது, உங்கட வீட்டு ஸ்ரோர் றூமைப் பாருங்கோ. அண்ணாவின், மாமியின் பழைய கணினி ஏதும் இருந்தால் எறியாதீங்கோ. அதில் ஒரு ஊதாப் புறாவின் படம் இருந்ததா என்று கேளுங்கோ. மறைந்த போல்டர்களைக் காட்டச் சொல்லித் தேடுங்கோ. கிடைத்ததை உடனே எங்கேயும் ஏற்ற வேண்டாம். முதலில் அதில் பேசினவர்களைக் கேட்க வேணும். நானும் மச்சாளுக்குப் போன் எடுத்துத்தான் இதை எழுதினேன். அவ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா, "நான் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறன்? வாசி பாப்பம்."

வாசித்தேன். முழுக்க வாசிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்தக் கோப்பை இப்ப இரண்டு பேரும் வைத்திருக்கிறோம், பூட்டின டிஸ்க்கில். சித்தப்பாவின் கோப்பைச் சித்தியிடம் கொடுக்க வேணும். வாற மாதம் பாரிஸ் போகும்போது கையோடு கொண்டுபோகிறேன்.

தோழமையுடன்,
ரொறன்ரோவிலிருந்து